கீழ்க்கரையில் நீர் மொண்டவர்

விய ஆண்டு மாசி மாதம் ஒன்பதாம் நாள், முற்பகல். மதுரை வடக்கு வெளி வீதியில் நான் குடியிருக்கும் அறையின் வாசலில் சோணை வந்து நின்றார். அவனியாபுரத்துக்குத் தெற்கே உள்ள நெடுமருதங்குளத்தின் கீழக்குடியைச் சேர்ந்தவர் அவர். நிலமற்ற உழவுக் கூலிகள் வாழும் பகுதி அது. அவ்வூர்க் கிளைத் தபால் நிலையத்தில் நான் பதினேழு ஆண்டுகள் பணியாற்றியதால் அவரை நன்கறிவேன். உள்ளே வரும்படி அழைத்தேன். வரவில்லை.

“கேதம் சொல்ல வரலய்யா” என்றார் முதலில். “அந்த வேலைய நாங்க விட்டொழிச்சு வருசமாச்சு, அது ஒங்களுக்கே தெரியும். எங்க ஆத்தா போயிருச்சு. அதான் வந்தேன்.”

அவர் சொன்னதன் பொருள் எங்கள் பக்கத்தார்க்கு விளங்கும். பிறர்க்குச் சொல்லியாக வேண்டும். ஊரில் ஒருவர் இறந்தால் அச்செய்தியை உறவினர் வாழும் ஊர்களுக்கெல்லாம் நடந்து சென்று அறிவிப்பது கீழக்குடியார்மேல் சுமத்தப்பட்டிருந்த கட்டாய ஊழியம். வீதியில் நின்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வூழியத்தை அவர்கள் கைவிட்டதற்குக் காரணமாயிருந்தவரின் மறைவை, எவரும் ஏவாமல், தாமே நடந்து வந்து அறிவித்தார் சோணை. சொல்லிவிட்டு அங்கேயே குத்துக்காலிட்டு அமர்ந்து அழுதார்.

கீழக்குடியார் ஆத்தா என்றழைத்த வெள்ளையம்மாள் அவர்கள் இறந்த நாள் மாசி ஒன்பது. பத்து என்று அவ்வூரில் சிலர் கூறத் தொடங்கியிருக்கின்றனர். அது அடக்கம் நடந்த நாள். பிறந்த வீட்டார் வந்து சேரும்வரை காத்திருந்தமையால் ஒரு நாள் தள்ளிப்போயிற்று. படிப்போர் சரியான நாளையே மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறேன். அவருக்கென்று ஆண்டுதோறும் நாள் பார்த்துப் படைப்பதற்குப் பிள்ளைகள் இல்லை. அந்த நாளையாவது நாம் பிழையின்றி வைத்திருப்போம்.

நான் நெடுமருதங்குளத்திற்குச் சென்றது அட்சய ஆண்டு ஆவணியில். மனைவியை இழந்து தனியாகச் சமைத்துண்டு வந்தேன். சென்ற நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, காலையில், முப்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் கையில் ஓர் ஓட்டுச்சில்லுடன் தபால் நிலையத்துப் பின்கட்டில் வந்து நின்றார். வெள்ளைச் சேலை. நெற்றியில் திருநீறு.

“அண்ணே, அடுப்பு எரியுதா? ஒரு கங்கு குடுங்க.”

அடுப்பு மூட்டவில்லை என்றும், வேண்டுமானால் தீப்பெட்டி தருகிறேன் என்றும் சொன்னேன்.

“தீப்பெட்டி பேசுமாண்ணே?” என்று கேட்டுவிட்டு, நான் அடுப்பு மூட்டும்வரை நின்று, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் மேடிட்டுப் போனதையும், கரையிலிருந்த மரங்களை வெட்டி விற்றுவிட்டதையும், சென்ற மழையின் நீர் முழுதும் பக்கத்து ஊருக்கு ஓடிப்போனதையும் சொல்லி முடித்த பின்னரே கங்கை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் கணவர் மணமான சில ஆண்டுகளிலேயே காலமாகிவிட்டார். கண்மாயின் கடைசி மடைக்குக் கீழே சிறிதளவு நன்செய் இருந்தது. கொழுந்தனார் ராமசாமி அவ்வூரின் தலைவர். ஊர்க்கூட்டத்தில் முடிவு சொல்பவர். வெள்ளையம்மாள் அவர்களோ ஆண்டின் எந்நாளிலும் தம் வீட்டு அடுப்பில் முந்திய நாளின் கங்கைக் காத்து வைத்ததில்லை. விடிந்ததும் ஓட்டுச்சில்லுடன் ஒரு வீட்டுக்குப் போவார். மறுநாள் வேறொரு வீட்டுக்கு. தீப்பெட்டி வாங்க மனமில்லாத கருமி என்று ஊர் அவரை நகையாடிற்று. அவர் அதனை மறுக்கவில்லை. ஒரு விதவை காரணமின்றிப் பிறர் வீட்டு அடுக்களையில் நுழைந்து நின்று பேச இயலாத ஊரில், நெருப்பு ஒன்றே கேள்வியில்லாத காரணம் என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். ஆடவர் ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூடிப் பேசியவை மந்தையோடு நின்றன. இவர் அடுக்களைதோறும் பேசியவை அன்றிரவு உணவோடு ஆடவர் செவிக்குப் போயின.

இவ்வாறு நான்கு ஆண்டுகள் பேசிய பயனாக, பிரமோதூத ஆண்டு வைகாசியில், வீட்டுக்கு ஓர் ஆளாக மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு ஊரார் கண்மாய்க்குள் இறங்கினர். குடிமராமத்து என்று முன்னோர் வழங்கிய அவ்வேலை அவ்வூரில் நடந்ததை நினைவில் வைத்திருந்தவர் மிகச் சிலரே. வரத்துக்கால் வெட்டப்பட்டது. அள்ளிய வண்டல் வயல்களுக்குப் போயிற்று. அதன்பின் வந்த பயிரைப் பார்த்தவர்கள் கடைகளில் புதிதாக விற்ற சீமை உரத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கரையில் மறுபடியும் கருவேலங்கன்றுகள் ஊன்றப்பட்டன. எல்லோரும் மகிழ்ந்திருந்த அந்நேரத்தில் அவர் மட்டும் தபால் நிலையத்து வாசற்படியில் வந்து முகவாட்டத்துடன் அமர்ந்தார்.

“மண்ணு சொமந்ததுல பாதிப் பேரு கீழக்குடி ஆளுகண்ணே. மண்ணு எங்க வயலுக்கு வந்திருச்சு. அவுகளுக்கு வயலு ஏது? அவுகளுக்கு என்ன வந்துச்சு?”

கூலி கொடுத்தார்கள் அல்லவா என்றேன்.

“கூலி நேத்தே செமிச்சிருச்சு” என்றார்.

அதன் பின்னர் அவர் கங்கு வாங்கும் வழி கீழக்குடிக்கும் திரும்பியது. அங்கே அவர் கண்டது, ஓடை மணலில் தோண்டிய ஊற்றுக்குழியைச் சுற்றிப் பெண்கள் சிரட்டையும் குடமுமாகக் காத்திருந்ததை. ஊரின் குடிநீர் ஊருணி கூப்பிடு தூரத்தில் நிரம்பிக் கிடந்தது. அதை வெட்டியவர்களும் தூர்வாரியவர்களும் கீழக்குடியாரே. அதில் ஒரு கை நீர் அள்ள அவர்களுக்கு உரிமையில்லை. கீழக்குடியார் அந்த ஊருணியில் குடம் நனைப்பதைத் தம் கண்ணால் காண வேண்டும் என்பதே அன்றிலிருந்து அவர் வாழ்க்கையின் நோக்கமாயிற்று. ஊரார் குடம் நனைக்கும் அதே படித்துறையில் காண வேண்டும் என்பதையும் சேர்த்தே அவர் சொல்வார். அந்தப் பிற்பகுதி முக்கியமானது.

யுவ ஆண்டு ஆடியில், அவர் கீழக்குடியில் கங்கு வாங்கும் செய்தி வெளிப்பட்டது. மந்தையில் ஊர் கூடிற்று. பெண்களை அழைக்கும் வழக்கமில்லாத அக்கூட்டத்திற்கு அவரை வரவழைத்து நிறுத்தினர். நான் அரசாங்க ஊழியன் என்ற முறையில் ஓரமாக இருந்தேன்.

“மதினி, கீழக்குடியில நெருப்பு வாங்குனீகளா?” என்று கேட்டார் ராமசாமி.

“வாங்குனேன்.”

“அதுல ஒல வச்சீகளா?”

“நெருப்ப வாங்கிட்டு வந்து கும்பிட்டுக்கிட்டா இருப்பாக? ஒலதான் வச்சேன். கொழுந்தனாரே, முந்தாநாத்து எங்க வீட்டுல கம்மங்கஞ்சி குடிச்சிட்டு, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க மதினின்னு கேட்டீகளே, அது அந்த நெருப்புல காச்சுனதுதான்.”

கூட்டம் சிரித்துவிட்டது. சிறுவர்கள் மட்டுமல்லர், நரைத்த தலைகளும் சிரித்தன. அந்தச் சிரிப்பே அவருக்குக் கேடாயிற்று என்பது என் கருத்து. விடையை அடக்கமாகச் சொல்லியிருந்தால் ஒரு தண்டத்தோடு போயிருக்கும். பலர் முன்னிலையில் தலைகுனிந்த ராமசாமி, சிரிப்பு அடங்கியதும் எழுந்து நின்று, அவருக்கு ஊரில் நெருப்பில்லை, தண்ணீரில்லை, நன்மை தீமைகளில் பேச்சில்லை என்று தீர்த்தார்.

மறுநாள் வெள்ளையம்மாள் அவர்கள் தபால் நிலையத்துக்கு வந்தார். கையில் ஓட்டுச்சில்லு இல்லை.

“இப்பத்தாண்ணே மொத மொதல்ல தீப்பெட்டி வாங்கிருக்கேன். பாத்தீகளா, ஊரு என்னையச் செலவாளி ஆக்கிருச்சு.”

சிரித்தபடியே சொன்னார். படியில் உட்காராமல் போய்விட்டார். அடுக்களைகள் அனைத்தும் ஒரே நாளில் அவருக்கு அடைபட்டுவிட்டன என்பதை நான் அவர் நடையிலிருந்து அறிந்தேன். ராமசாமியின் மனைவி பேச்சியம்மாள், அக்கா அக்கா என்று அவர் முந்தானையைப் பிடித்துத் திரிந்தவர், எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் நடக்கலானார். வெள்ளையம்மாள் அவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குச் சென்று, ஊற்றுக்குழியருகே கீழக்குடிப் பெண்களோடு தம் முறைக்குக் காத்திருந்தார். அதிலும் கிடைத்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. ஒரு குடம் நிறையும் நேரத்தில் எவ்வளவோ பேசலாம். கேதம் சொல்லும் ஊழியத்தைக் கைவிடுவது என்ற முடிவு அக்குழியைச் சுற்றித்தான் பிறந்தது.

பிரமாதி ஆண்டில் மழை பொய்த்தது. பங்குனியில் ஊருணி வறண்டு வெடித்தது. தூர்வார வேண்டிய தருணம். ஊர் கீழக்குடியை அழைத்தது. மந்தையின் ஓரத்தில் நின்று சோணை சொன்னார்:

“வெட்டுறோம் சாமி. வெட்டுன பொறவு நாங்களும் மோந்துக்கிறோம்.”

மந்தையில் எழுந்த கூச்சலை நான் இங்கே எழுத விரும்பவில்லை. கீழக்குடியாரோடு நின்றிருந்த வெள்ளையம்மாள் அவர்களுக்குப் பேச உரிமையில்லை, எனினும் பேசினார்.

“ஆனியில மீனாச்சி கோயிலே இவுகளுக்குத் தெறந்தாச்சு கொழுந்தனாரே. ஆத்தாளுக்கே இல்லாத தீட்டு நம்ம ஊருணித் தவளைக்கு எங்கருந்து வந்துச்சு?”

இம்முறை எவரும் சிரிக்கவில்லை.

ஒருவரும் மண்வெட்டியைத் தொடவில்லை. சித்திரை கழிந்தது. ஊர்ப் பெண்களும் குடங்களோடு வெகுதூரம் நடக்கலாயினர். வேலை மறுத்த கீழக்குடியில் அடுப்புகள் பல நாள் எரியவில்லை. வெள்ளையம்மாள் அவர்கள் தம் குதிரில் இருந்த கம்பையும் கேழ்வரகையும் கொண்டுபோய் அங்கே கூழ் காய்ச்ச வைத்தார். வைகாசிப் பிறப்புக்குப் பின் ஊரிலிருந்து ஓர் ஏற்பாடு வந்தது: தூர்வாருங்கள், மேல்கரைப் படித்துறை ஊருக்கு, கீழ்க்கரையில் உங்களுக்கு வேறொரு படித்துறை.

அன்று மாலை கீழக்குடிப் புளியமரத்தடியில் நடந்த பேச்சுக்கு நானும் சென்றிருந்தேன். வெள்ளையம்மாள் அவர்கள் அதை ஏற்கக் கூடாது என்றார். ஒரே நீருக்கு இரண்டு துறை கட்டினால், இன்று மனத்தில் இருக்கும் கோடு கல்லாகிவிடும் என்றார். நெடுநேரம் பேசினார். அனைவரும் தலைகுனிந்து கேட்டிருந்தனர். இறுதியில் சோணையின் மனைவி இருளாயி எழுந்தார்.

“ஆத்தா, ஒங்களுக்கு ஞாயம் வேணும். எங்களுக்கு விடிஞ்சா ஒரு கொடம் தண்ணி வேணும். ஞாயத்த நாளைக்கிக் கேட்டுக்கிறலாம். தாகத்துக்கிட்ட நாளைக்கி வான்னு சொல்ல முடியுமா?”

வெள்ளையம்மாள் அவர்கள் இருளாயியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “சரிடி. வறளுறது ஒந் தொண்டைதான். நீயே முடிவு சொல்லு” என்றார்.

திரும்பி வரும் வழியில் என்னிடம் கூறினார்: “அவுகளுக்காக நான் கேக்குறேன்னு நெனச்சேண்ணே. பாதி எனக்காகத்தான் கேட்டுருக்கேன் போல.”

ஒரு காரியத்தைத் தொடங்கியவர், அது தாம் எண்ணியவாறு முடியாதபோது, விலகிப் போவதையோ சினந்து நிற்பதையோ நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அவர் மறுநாள் விடியலில் கூடையோடு ஊருணிக்குள் நின்றார். கீழ்க்கரைப் படித்துறைக்குக் கல் சுமந்தார். விக்கிரம ஆண்டு ஐப்பசியில் ஊருணி பெருகியது. கீழக்குடிப் பெண்கள் குடம் நனைத்தனர். அவர் அதைக் கண்ணால் கண்டார்.

அதன் பிறகு நிகழ்ந்ததைத்தான் எழுத எனக்குக் கை வரவில்லை. எனினும் இதனை எழுதாவிடில் அவரை அறியாதவர்கள் அவரை வெற்றி பெற்ற ஒரு தலைவியாக மட்டுமே எண்ணிக்கொள்வர்.

மேல்கரையில் இறங்க அவருக்கு ஊர் விலக்கு. கீழ்க்கரையில்தான் அவர் நீர் மொண்டார். ஓடையில் அவரோடு தோளுரசி உட்கார்ந்திருந்த அதே பெண்கள், இப்போது அவர் குடத்தோடு வருவதைக் கண்டால், “ஆத்தா வாராக, ஆத்தா வாராக” என்று படிகளிலிருந்து ஏறி ஒதுங்கி நின்றனர். தங்களுக்குத் துறை வாங்கித் தந்தவர் என்ற மரியாதை. அவர் நீர் முகந்து ஏறிச் செல்லும்வரை எவரும் இறங்குவதில்லை, பேச்சும் நின்றுவிடும். வேண்டாம் என்று அவர் கெஞ்சியும் பார்த்தார், ஏசியும் பார்த்தார். ஏசியதும் மரியாதை கூடிற்று.

“அந்தக் கரையில என்னோட பேச மாட்டாக” என்றார் ஒருநாள் என்னிடம். “இந்தக் கரையில என் முன்னால பேச மாட்டாக. ஊருக்கு ரெண்டு தொறண்ணே. எனக்கு மட்டும் மூணாவதா ஒண்ணு.”

பகல் ஏறிப் பெண்கள் எல்லோரும் போன பிறகு தனியே சென்று நீர் எடுக்கும் வழக்கத்தை அவர் பின்னர் மேற்கொண்டார். தபால் நிலையத்துச் சன்னலிலிருந்து கீழ்க்கரை தெரியும். வெயிலில் அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் வெள்ளைச் சேலையோடு ஒருவர் குனிந்து நிமிர்வதை நாள்தோறும் பார்த்திருக்கிறேன்.

சுபானு ஆண்டு கார்த்திகையில் ஓய்வு பெற்று நான் மதுரைக்கு வந்துவிட்டேன். அவரைக் கடைசியாகக் கண்டது இந்த ஆண்டுத் தைப்பூசத்தன்று, வண்டியூர்த் தெப்பக்குளத்தில். இளைத்திருந்தார், இருமினார். குளத்தைச் சுற்றிலும் கூட்டம் நெருக்கியடித்தது. யாரோ ஒரு பெண் கூடையால் அவர் முதுகில் இடித்து, “ஏ கெழவி, சாமி தெரியல, தள்ளி நில்லு” என்று அதட்டினாள். நான் சினந்து திரும்பினேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். முகம் மலர்ந்திருந்தது.

“விடுங்கண்ணே! என்னைய ஒருத்தி இடிச்சுத் தள்ளி எம்புட்டு நாளாச்சு!” என்றார். அந்தப் பெண்ணிடம் திரும்பி, “நீ தள்ளுடி, ஒங் கூடை மட்டும் சாமி பாக்கணுமாக்கும்” என்று பதிலுக்கு இடித்தார். இருவரும் தெப்பம் சுற்றி வரும்வரை சண்டையிட்டபடியே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்று சாமி பார்த்தனர். பிரியும்போது அவள் ஒரு கைப்பிடிப் பொரி கொடுத்தாள். அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டார். “வாரேண்ணே” என்று சொல்லி, தெற்கே போகும் வண்டியொன்றில் ஏறிக்கொண்டார்.

மாசி பத்தாம் நாள் காலையில் நான் நெடுமருதங்குளத்தை அடைந்தேன். சாவுக்கு விலக்கு இல்லை என்று சொல்லி உறவினர் அனைவரும் வந்திருந்தனர். ராமசாமி தளர்ந்து போயிருந்தார். இறுதிச் சடங்கை அவரே செய்ய முன்வந்தார். இறந்தவரைக் குளிப்பாட்டுவதற்கு உற்றார் ஊருணிக்குச் சென்று நீர் எடுத்து வருவதை நீர்மாலை என்பர். உறவினர் மேல்கரையில் நீர் எடுத்துத் தலைக்கு மேல் துணி பிடித்து வீட்டுக்குள் கொண்டு சென்றனர்.

அப்போது தெருமுனையில் இருளாயியும் கீழக்குடிப் பெண்கள் சிலரும் குடங்களோடு வந்து நின்றனர். கீழ்க்கரையில் எடுத்த நீர். எவரும் அவர்களை வா என்று அழைக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. குடங்களை இறக்கி வாசலுக்கு எதிரே வரிசையாக வைத்துவிட்டுக் கைகட்டி நின்றனர். நான் ராமசாமியின் முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பறைமேளம் நின்றிருந்தது. உள்ளே குளிப்பாட்டத் தொடங்கிவிட்டனர் என்பது நீரின் ஓசையால் தெரிந்தது.

உள்ளேயிருந்து பேச்சியம்மாள் வந்தார். தலைவிரிகோலமாக இருந்தார். குடங்களைக் கண்டார்.

“யாரு கொண்டாந்தது?”

“நாங்கதான் தாயி” என்றார் இருளாயி. “ஆத்தா குடிக்கிற தண்ணி.”

பேச்சியம்மாள் படியிறங்கி வந்தார். முதற்குடத்தைத் தாமே தூக்கி இடுப்பில் வைத்தார். மறு கையால் இருளாயியின் மணிக்கட்டைப் பற்றினார்.

“என்னால எல்லாத்தையும் தூக்க முடியாதுடி. நீயும் ஒண்ண எடுத்துக்கிட்டு வா.”

இருளாயி அசையவில்லை. பேச்சியம்மாள் கையை விடவில்லை. “எங்க அக்கா உள்ள காத்துக் கெடக்கு. வான்னு சொல்றேன்ல!” என்று உரக்க அழுதார். இருவரும் வாசலைக் கடந்து உள்ளே போயினர். ராமசாமி விலகி வழிவிட்டார். மற்றப் பெண்கள் எஞ்சிய குடங்களை எடுத்துக்கொண்டு பின்னே சென்றனர். அச்சிறிய வீட்டுக்குள் இடமின்றி ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றனர். அழுகைக்கு நடுவே, “தள்ளு, தள்ளுடி, என்னையும் ஊத்த விடு” என்று குரல்கள் கேட்டன. எது ஊரின் குரல், எது கீழக்குடியின் குரல் என்று வெளியே நின்ற என்னால் பிரித்தறிய முடியவில்லை.

மறுநாளே அவரவர் துறையில்தான் அவரவர் இறங்கினர் என்று அறிகிறேன். அதனை மறைக்க நான் விரும்பவில்லை. ஆயினும் ஒரு முற்பகலில், ஒரு வீட்டுக்குள், அது நிகழ்ந்தது. அவ்வீட்டில் அதைக் காணாதவர் அவர் ஒருவரே.

அம்மா, தங்களை நான் ஒருமுறையும் தங்கை என்று வாய்விட்டு அழைத்ததில்லை. தாங்கள் முதல் நாளிலேயே அண்ணே என்று அழைத்துவிட்டீர்கள். தங்களைச் சுற்றி அன்று எவரும் ஒதுங்கி நிற்கவில்லை. போய் வாருங்கள், தங்கச்சி.